எதையும் தாங்கும் புங்கை... சிமென்ட்டைத் தவிர!

ஒரு சின்ன டெஸ்ட். ஹால் டிக்கெட் வேண்டாம், பிட்டும் வேண்டாம். உங்க காலேஜ் கேன்டீன்ல கிடைக்கிற பத்து அயிட்டங்களைச் சொல்லுங்க பார்ப்போம். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லிடுவீங்க. சரி, அதே காலேஜ்ல நிற்கிற பத்து மரங்களோட பேர்? வேம்பு, தென்னை, அசோக மரம் (அது அசோகமே கிடையாது பாஸ், நெட்டிலிங்கம்!)... அதுக்கப்புறம், 'அதான்ப்பா, பைக் ஸ்டாண்ட் பக்கத்துல நிக்குமே, அந்தப் பச்சை மரம்'னு இழுப்பீங்க.

அந்தப் பச்சை மரத்தைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை. தமிழ்நாட்டுல ஏகப்பட்ட காலேஜ்களில் அந்தப் 'பச்சை மரத்'தோட பேர் புங்கை. ரெக்கார்டு நோட் காப்பி அடிச்சது, அரியர் வந்த அன்னிக்கு சோகமா உட்கார்ந்தது, கேம்பஸ் இன்டர்வியூவுக்கு முன்னாடி டை கட்டப் பழகினது எல்லாமே அது நிழல்லதான் நடந்திருக்கும். ஆனா பேரைக் கேட்டா முழிப்போம்!

இந்த மரத்தை யாரும் பெருசா கவனிக்கிறதில்லை. தண்ணி ஊத்தறதில்லை, உரம் போடறதில்லை. அதுபாட்டுக்கு நிக்குது. வெயில், வறட்சி, வெள்ளம், உப்புத் தண்ணி எதுக்கும் அசர்றதில்லை. 'எப்படிடா இவ்ளோ கெத்து?'னு கொஞ்சம் நோண்டிப் பார்த்தா, அதுக்குள்ள ஒரு மெக்கானிக்கல், ஒரு கெமிக்கல், ஒரு பயோடெக்னு மூணு டிபார்ட்மென்ட் ஓடிக்கிட்டிருக்கு. கூத்து என்னன்னா, அந்த கெத்துதான் இப்போ அதுக்கே ஆபத்தா முடிஞ்சிருக்கு. அதைக் கடைசியில சொல்றேன். முதல்ல ஆளைத் தெரிஞ்சுக்கலாம் வாங்க.

பயோடேட்டா

பெயர்: புங்கை, புங்கன், புங்கு, புங்க மரம்

அறிவியல் பெயர்: பொங்காமியா பின்னேட்டா

வெளி மாநிலத்துப் பெயர்கள்: கர்நாடகத்தில் ஹொங்கே, ஆந்திரா, தெலங்கானாவில் கானுகா, வடக்கே கரஞ்ச்

குடும்பம்: ஃபேபேசியே. அவரை, துவரை, பட்டாணி எல்லாம் சொந்தக்காரங்க

சொந்த ஊர்: இந்தியாவில் தொடங்கி தென்கிழக்கு ஆசியா, வட ஆஸ்திரேலியா வரை

உயரம்: 15 முதல் 25 மீட்டர்

தாங்கும் வெப்பம்: லேசான உறைபனியில் இருந்து 50 டிகிரி செல்சியஸ் வரை

தேவைப்படும் மழை: ஆண்டுக்கு 500 முதல் 2,500 மில்லிமீட்டர்

பிடித்தது: ஆழமான மண், தேனீக்கள்

பிடிக்காதது: கடைசியில சொல்றேன்னு சொன்னேனே!

பேர்லயே நம்ம ஊர்!

செடி, கொடிகளுக்கு அறிவியல் பெயர் வைக்கிறவங்க வழக்கமா கிரேக்கம், லத்தீன்னு போவாங்க. இந்த மரத்துக்கு அவங்களே நம்ம ஊர்ப் பேரைக் கடன் வாங்கிட்டாங்க. 'பொங்காமியா'வுக்கு மூலம், தமிழிலும் மலையாளத்திலும் வழங்குற புங்கம், பொங்கம்ங்கிற சொல்தான். 'பின்னேட்டா'ன்னா இறகு போன்றதுன்னு அர்த்தம். இலை அமைப்பைப் பார்த்து வெச்ச பேர்.

1753-ல லின்னேயஸ் இதை 'சிடிசஸ்'ங்கிற வேறொரு பேரினத்துல சேர்த்தார். அப்புறம் வந்தவங்க பொங்காமியா, டெர்ரிஸ், மில்லெட்டியான்னு மாத்தி மாத்தி உட்கார வெச்சாங்க. வருஷா வருஷம் செக்‌ஷன் மாத்தப்பட்ட பையன் மாதிரி! அதனால ஏதாவது புத்தகத்துல 'மில்லெட்டியா பின்னேட்டா'ன்னு பார்த்தீங்கன்னா குழம்ப வேண்டாம். ஆள் ஒண்ணுதான்.

நம்ம சங்கப் புலவர்கள் இதை 'புன்கு'ன்னு சொன்னாங்க. அதோட பூவைப் பொரியோட ஒப்பிட்டாங்க. ஏப்ரல் மாசம் காலையில மரத்தடியைப் போய்ப் பாருங்க, அந்த உவமை எவ்ளோ கரெக்ட்டுன்னு புரியும். யாரோ பொரி மூட்டையைக் கொட்டிட்டுப் போன மாதிரியேதான் இருக்கும். வைத்தீஸ்வரன் கோயில் பக்கத்துல, நந்தனார் கதையில வர்ற திருப்புன்கூர் இருக்கே, அந்த ஊர்ப் பேர்லயே புன்கு இருக்கு. கோயிலோட தல விருட்சமும் அதுதான்.

ஒரு முக்கியமான விஷயம். புங்கை வேற, புன்னை வேற. ரெண்டும் கடலோரத்துல வளரும், ரெண்டோட விதையில இருந்தும் விளக்கெரிக்க எண்ணெய் எடுத்தாங்க. அதனால நிறைய பேர் குழப்பிக்கிறாங்க. புன்னைக்குத் தனித்தனி இலை, உருண்டைக் காய். புங்கைக்குத் தட்டைக் காய், கூட்டிலை. ஒரு காம்புல ரெண்டு ரெண்டா எதிரெதிரே சிற்றிலைகள், நுனியில மட்டும் ஒத்தையா ஒண்ணு. மொத்தம் எண்ணினா ஐந்து, ஏழு, இல்லைன்னா ஒன்பதுன்னு ஒத்தைப்படையிலதான் வரும். நாம 'ஒரு இலை'ன்னு கிள்ளிப் போடறது உண்மையில இலையோட ஒரு பகுதிதான்!

டைம் டேபிள் தெரிஞ்ச இலை

புங்கை இலை உதிர்க்கிற மரம். ஆனா பல மரங்களைப் போல மாசக்கணக்கா மொட்டையா நிக்காது. பனிக்காலம் முடியறப்போ இலையைக் கொட்டும், சூட்டோட சூடா தளிர் விடும். தளிர் செம்பு கலந்த இளஞ்சிவப்புல பளபளன்னு இருக்கும். அப்புறம் வெளிர் பச்சை, அப்புறம் கரும்பச்சை. வெயில் உச்சத்துக்குப் போற ஏப்ரல், மே மாசத்துல பார்த்தா புத்தம் புது இலைகளோட குடை விரிச்சு நிக்கும். நமக்கு நிழல் எப்போ வேணுமோ, கரெக்ட்டா அப்போ!

அந்த நிழல் ஏன் ஜில்லுன்னு இருக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? தகர ஷெட்டுக்குக் கீழேயும் நிழல்தான். ஆனா மதியம் ரெண்டு மணிக்கு அங்கே நின்னா வேகும். தகரம் வெயிலை மறைக்கும், ஆனா தானும் சூடாகி அந்தச் சூட்டை நம்ம தலையில இறக்கும். இலை அப்படிச் செய்யாது. வேர் வழியா ஏறின தண்ணியை இலையில இருக்கிற துளைகள் வழியா ஆவியாக்கி, தன்னைத் தானே குளிர வெச்சுக்கும்.

தெர்மோடைனமிக்ஸ் பிடிக்காதவங்க கண்ணை மூடிக்கோங்க, ஒரே ஒரு கணக்கு. ஒரு லிட்டர் தண்ணி ஆவியாகச் சுமார் 2,400 கிலோ ஜூல் வெப்பம் வேணும். ஒரு டன் ஏ.சி. ஒரு மணி நேரத்துல அறையில இருந்து வெளியே தள்ளுற வெப்பம் சுமார் 12,600 கிலோ ஜூல். அதாவது, ஒரு மரம் மணிக்கு ஐந்தே கால் லிட்டர் தண்ணியை ஆவியாக்கினா, அது உறிஞ்சற வெப்பம் ஒரு டன் ஏ.சி.க்குச் சமம். வித்தியாசம் என்னன்னா, ஏ.சி. உள்ளே குளிர வெச்சுட்டுத் தெருவைச் சூடாக்கும். மரத்துக்குக் கரன்ட் பில்லும் கிடையாது.

இலைகள்ல சில சமயம் பரு மாதிரி பச்சை முடிச்சுகள் பார்த்திருப்பீங்க. மரத்துக்கு ஏதோ பெரிய வியாதின்னு பயப்பட வேண்டாம். 'ஏசிரியா பொங்காமியே'ங்கிற கண்ணுக்கே தெரியாத சிலந்திப்பேன் கட்டின வீடு அது. சிலந்திப்பேன்களுக்குப் பொதுவா எட்டுக் கால். இந்த வகைக்கு மட்டும் நாலே கால். மரத்தோட இலையையே தூண்டிவிட்டு, தனக்கு ஏத்த மாதிரி ரூம் கட்டிக்கும். வாடகை கொடுக்காத ஹாஸ்டல் பார்ட்டி!

பூவுக்குள்ள ஸ்ப்ரிங்!

நாலைந்து வயசுல புங்கை பூக்கத் தொடங்கும். பூ ஒண்ணரை சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். வெள்ளையில இருந்து இளஞ்சிவப்பு, இளம் ஊதா வரை மரத்துக்கு மரம் கலர் மாறும். சரம் சரமா, ஒவ்வொரு கணுவிலும் ரெண்டு, மூணு பூவா கூட்டமா இருக்கும்.

பிளஸ் டூ தாவரவியல் ஞாபகம் இருக்கிறவங்களுக்கு: அவரைப் பூ டிசைன்தான். மேலே பெருசா ஒரு கொடி இதழ், ரெண்டு பக்கமும் சிறகு இதழ்கள், கீழே ரெண்டு இதழ் சேர்ந்து படகு மாதிரி. பத்து மகரந்தத் தாள்களும் சூலகமும் அந்தப் படகுக்குள்ள பத்திரமா மூடி இருக்கும்.

இங்கேதான் மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் வருது. மகரந்தத் தாள்கள் படகுக்குள்ள சும்மா படுத்துக்கிட்டில்லை. அழுத்தி வெச்ச ஸ்ப்ரிங் மாதிரி இறுக்கத்துல இருக்கு. தேன் தேடி வர்ற தேனீ சரியான இடத்துல உட்கார்ந்து அழுத்தினதும், லாக் ரிலீஸ் ஆகி 'டப்'புனு வெளியே பாயும். மகரந்தம் தேனீயோட அடிவயித்துல அப்பிக்கும். அது அடுத்த மரத்துக்குப் போகும்போது பார்சல் டெலிவரி ஆயிடும். விசாகப்பட்டினம் ஆந்திரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த வெடிக்கும் டெக்னிக்கை விரிவா ஆராய்ஞ்சு 2006-ல 'கரன்ட் சயின்ஸ்' இதழ்ல எழுதியிருக்காங்க.

பூத்ததுல பெரும்பாலானவை காயாகாது. தரையில கொட்டிப் பொரியாகிடும். அதுவும் வீண் போறதில்லை. மக்கின புங்கம்பூ, தோட்டக்காரர்களுக்கு நல்ல உரம்.

தேனீ வழியா மரத்துக்கு மரம் மகரந்தம் மாறுறதால, ஒரே மரத்துல இருந்து பொறுக்கின ரெண்டு விதைகூட ஒரே மாதிரி வளராது. ஒண்ணு குட்டையா படரும், ஒண்ணு நெட்டையா போகும். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, எண்ணெய் மேட்டர் பேசும்போது தேவைப்படும்.

மிதக்கும் டிபன் பாக்ஸ்

பூ காயாகி, காய் முத்திப் பழுப்பாக 10, 11 மாசம் ஆகும். நம்ம ரெண்டு செமஸ்டர்! நாலு முதல் ஆறு சென்டிமீட்டர் நீளம், தட்டை, நுனியில சின்ன அலகு. உள்ளே பெரும்பாலும் ஒரே விதை, சில சமயம் ரெண்டு.

அவரை, பட்டாணி எல்லாம் முத்தினதும் வெடிச்சு விதையைச் சிதற விடும். புங்கங்காய் வெடிக்காது. மரக்கட்டை மாதிரி தடிச்ச ஓடு அப்படியே மூடிக்கிட்டிருக்கும். ஏன்? இது அடிப்படையில ஆத்தங்கரை மரம், கடலோர மரம். காய் தண்ணியில விழுந்தா மிதக்கும். ஓடு மக்கித் திறக்கிற வரைக்கும் எங்கே வேணும்னாலும் பயணம் போகலாம். இந்தியாவுல இருந்து பசிபிக் தீவுகள் வரைக்கும் இது கரையோரமா பரவியிருக்கிறதுக்கு இந்த மிதக்கும் டிபன் பாக்ஸும் ஒரு காரணம்.

அண்டர்கிரவுண்ட் ஃபேக்டரி

புங்கையோட உண்மையான கெத்து, நம்ம கண்ணுக்குத் தெரியாத இடத்துல இருக்கு. கன்று சின்னதா இருக்கும்போதே ஆணிவேரை ஆழமா இறக்கிடும். பக்க வேர்களும் நல்லா அகலமா ஓடும். மேல் மண் காய்ஞ்சாலும் அடியில ஈரம் கிடைக்கும். உப்பங்கழி ஓரத்துல, வேர் உப்புத் தண்ணியில நனைஞ்சாலும் தாக்குப்பிடிக்கும். வெட்டினா தூர்ல இருந்து துளிர்க்கும். வேர்ல இருந்துகூட புதுக் கன்று கிளம்பும்.

அந்த வேர்கள்ல சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். அதுக்குள்ள குடியிருக்கிறது ரைசோபியம் வகை பாக்டீரியாக்கள். காத்துல 78 சதவிகிதம் நைட்ரஜன் இருந்தும், எந்த மரத்தாலும் அதை நேரடியா எடுத்துக்க முடியாது. உரத் தொழிற்சாலையில அந்த நைட்ரஜனை அமோனியாவா மாத்த 400 டிகிரிக்கு மேல வெப்பமும் 150 மடங்குக்கும் மேல காத்தழுத்தமும் தேவை. ஹேபர் முறைன்னு கெமிஸ்ட்ரியில படிச்சிருப்பீங்க. புங்கையோட வாடகைக்காரங்க அதையே சாதாரண வெப்பத்துல, சத்தமில்லாம செஞ்சு முடிக்கிறாங்க. மரம் சர்க்கரை கொடுக்கும், பாக்டீரியா நைட்ரஜன் கொடுக்கும். பக்கா டீலிங்!

வேலை செய்யற முடிச்சை நறுக்கிப் பார்த்தா உள்ளே இளஞ்சிவப்பா இருக்கும். லெக்ஹீமோகுளோபின்ங்கிற பொருளோட நிறம் அது. நம்ம ரத்தத்துல ஆக்சிஜன் சுமக்கிற ஹீமோகுளோபினுக்குத் தூரத்துச் சொந்தம். அந்த பாக்டீரியாக்களும் மூச்சு விடணும், அதுக்கு அளவான ஆக்சிஜன் கொண்டு போறது இதோட வேலை. இந்தப் பாயின்ட்டையும் மனசுல வெச்சுக்கோங்க.

நம்ம விவசாயிகள் இந்தக் கெமிஸ்ட்ரி எல்லாம் பேசாமலே புங்கந்தழையை வெட்டி வயல்ல மிதிச்சாங்க. எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சற புங்கம் புண்ணாக்கு இன்னும் சுவாரஸ்யம். அதுல இருக்கிற கரஞ்சின்ங்கிற பொருள், மண்ணுல அமோனியா நைட்ரேட்டா மாறுறதை மெதுவாக்கும். நைட்ரேட்டா மாறிட்டா மழைத் தண்ணியில கரைஞ்சு ஓடிடும். யூரியாவுக்கு வேப்ப எண்ணெய் பூசறதும் இதே காரணத்துக்குத்தான். 2015-ல அதைக் கட்டாயமாவே ஆக்கினாங்க.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்!

மெக்கானிக்கல் படிக்கிற எல்லாருக்கும் இந்தத் தலைப்பு தெரியும். புங்க எண்ணெயில டீசல் இன்ஜின் ஓட்டறது. எல்லா பேட்ச்லயும் யாராவது ஒரு டீம் பண்ணும். லேப்ல எண்ணெய், மெத்தனால், காஸ்டிக் சோடா மூணையும் வெச்சுக்கிட்டு ராத்திரி பகலா உட்கார்ந்திருப்பாங்க.

ஐடியா புதுசு இல்லை. 1900-ல பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு சின்ன டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில ஓடிக் காட்டியிருக்கு. புங்க விதையில 30 முதல் 40 சதவிகிதம் எண்ணெய். கசப்பு, நாத்தம், சாப்பிட்டா விஷம். அதனால சமையலறையோட போட்டி இல்லை. விளக்கு, சோப்பு, தோல் பதனிடறதுன்னு காலங்காலமா பயன்பட்டு வந்த எண்ணெய் இது. ஆனா டீசலை விடப் பல மடங்கு கெட்டி. அப்படியே ஊத்தினா இன்ஜெக்டர் அடைச்சுக்கும். அதனால மெத்தனாலோட வினைபுரிய வெச்சு, கிளிசரினைப் பிரிச்சு எடுத்துட்டா பயோடீசல் ரெடி. விதை பழசா இருந்தா எண்ணெயில அமிலம் கூடியிருக்கும். அப்போ பயோடீசலுக்குப் பதிலா சோப்புக் குழம்பு வரும்!

இந்த எண்ணெயை வெச்சு ஒரு கிராமம் செஞ்ச காரியத்தைக் கேளுங்க. ஆதிலாபாத் மாவட்டத்துல (அப்போ ஆந்திரா, இப்போ தெலங்கானா) பவர்குடான்னு கோண்டு பழங்குடி மக்களோட ஊர். அங்கே பெண்கள் சுய உதவிக் குழுவா சேர்ந்து புங்கை நட்டு, எண்ணெய் ஆட்டினாங்க. டீசலுக்குப் பதிலா புங்க எண்ணெய் பயன்படுத்தினா எவ்ளோ கார்பன் மிச்சமாகும்னு கணக்குப் போட்டு, 147 டன்னுக்கு 2003-ல உலக வங்கி அவங்களுக்கு 645 டாலர் கொடுத்தது. வாஷிங்டன்ல நடந்த ஒரு மாநாட்டுக்கு விமானத்துல போய் வந்தவங்க விட்ட புகைக்கு ஈடு! தொகை சின்னதுதான். ஆனா வாஷிங்டன் புகைக்குக் கணக்குத் தீர்த்தது ஒரு கோண்டு கிராமத்துப் புங்கை.

அப்போ நாடு முழுக்க ஏன் இது வரலை? அதே 2003-ல திட்டக்குழு அறிக்கை காட்டாமணக்கைத் தூக்கிப் பிடிச்சது. 2009-ல வந்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2017-க்குள்ள 20 சதவிகிதம் கலக்கணும்னு இலக்கு வெச்சது. 2017 வந்துச்சு, போச்சு. டீசல்ல பயோடீசலோட பங்கு ஒரு சதவிகிதத்தைக்கூடத் தொடலை. 2018-ல வந்த புதுக் கொள்கை, 2030-க்கு 5 சதவிகிதம்னு இலக்கைக் குறைச்சுக்கிச்சு.

புங்கை விஷயத்துல சிக்கல் எங்கேன்னா, பூ செக்‌ஷன்ல சொன்னேனே, அங்கேதான். ஒவ்வொரு விதையும் ஒரு மாதிரி. ஒரு மரம் வருஷத்துக்கு 9 கிலோ விதை கொடுக்கும், இன்னொண்ணு 90 கிலோ கொடுக்கும். அதுவும் நட்டு நாலு முதல் ஏழு வருஷம் காத்திருந்தாத்தான் தெரியும். ஃபேக்டரிக்கு ஒரே ஸ்பெசிஃபிகேஷன் வேணும். புங்கைக்கு அது தெரியாது. ஆனா யோசிச்சுப் பாருங்க, ஒவ்வொண்ணும் வேற வேற மாதிரி இருக்கிறதாலதான் ஒரு வறட்சியோ, ஒரு பூச்சியோ வந்தா எல்லா மரமும் ஒரே நாள்ல சாகாது. நமக்குத் தொல்லையா தெரியறது, மரத்துக்கு இன்ஷூரன்ஸ்!

இப்போ கடைசி மேட்டர்

எங்க காலேஜ் பைக் ஸ்டாண்ட்ல வரிசையா பதினோரு புங்கை மரங்கள். மழை பெய்ஞ்சா சேறாகி வண்டி சறுக்குதுன்னு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி தரை முழுக்க சிமென்ட் போட்டாங்க. நல்ல விஷயம்தான், சேத்துல விழுந்து எழுந்தவங்களைக் கேட்டா தெரியும். ஆனா மரத்தோட அடிவரைக்கும், பட்டையை ஒட்டி, ஒரு விரல் இடைவெளிகூட விடாம பூசிட்டாங்க. ஏன்னு கேட்டதுக்குக் கிடைச்ச பதில், இது புங்கை, இதுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்கிறதுதான்.

இந்த வருஷக் கோடையில அந்த வரிசையில பாதி மரங்களுக்கு உச்சிக் கிளைகள் துளிர்க்கவே இல்லை. அதே சமயம் நடப்பட்ட, அம்பது அடி தள்ளி மண் தரையில நிக்கிற புங்கைகள் வழக்கம்போல குடை விரிச்சு நிக்குது. அதே வெயில், அதே மழை. மாறினது தரை மட்டும்தான்.

காரணம் சிம்பிள். ஆணிவேர் ஆழத்துல இருந்தாலும், தண்ணியையும் சத்தையும் உறிஞ்சற மெல்லிய வேர்கள்ல பெரும்பகுதி மேல் மண்ணுலதான், முதல் ரெண்டு அடிக்குள்ளதான் இருக்கு. அந்த வேருக்கும் மூச்சு உண்டு. மண் துகள்களுக்கு நடுவுல இருக்கிற காத்துல இருந்து ஆக்சிஜன் எடுத்துக்கும். இளஞ்சிவப்பு முடிச்சுல இருக்கிற பாக்டீரியாவுக்கும் அதே காத்துதான். மேலே சிமென்ட் மூடினா காத்தும் இறங்காது, மழையும் இறங்காது. உதிர்ந்த இலையும் பூவும் மக்கி மண்ணுக்குப் போற வழியும் அடைச்சுடும். இன்னொரு பக்கம், அடிமரம் வருஷா வருஷம் பருத்துக்கிட்டே இருக்கும். சத்து கடத்துற திசு பட்டைக்கு அடியிலேயே இருக்கு. இறுக்கமான சிமென்ட் வளையம் அதைக் கொஞ்சம் கொஞ்சமா நெரிக்கும்.

'வெள்ளத்தையே தாங்குற மரமாச்சே?'ன்னு கேட்பீங்க. வெள்ளம் சில வாரத்துல வடிஞ்சிடும் பாஸ். சிமென்ட் வடியாது!

டில்லியில இதே பிரச்னை தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போச்சு. 2013 ஏப்ரல்ல, மரங்களைச் சுத்தி ஒரு மீட்டர் தூரத்துக்கு சிமென்ட்டை அகற்றணும்னு தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. ஒரே ஒரு மீட்டர். ஒரு பைக் நிறுத்தற இடத்தைவிடக் கொஞ்சம்தான் பெருசு.

அந்த ஒரு மீட்டரைக் கேட்டு எங்க என்.எஸ்.எஸ். டீம் மனு கொடுத்தோம். பார்க்கிங் இடம் குறையும், வண்டி எங்கே விடறதுன்னு முதல்ல எதிர்ப்பு வந்தது பசங்ககிட்ட இருந்துதான்! சிவில் டிபார்ட்மென்ட் நண்பர்கள் ஒரு வழி சொன்னாங்க. சிமென்ட்டை எடுத்துட்டு, மேலே இரும்பு ஜாலி போட்டுட்டா வண்டியும் நிறுத்தலாம், தண்ணியும் இறங்கும். இப்போதைக்கு நாலு மரங்களுக்கு அடி திறந்தாச்சு. மீதி ஏழு காத்துக்கிட்டிருக்கு. உச்சி காய்ஞ்ச மரங்கள் அடுத்த பங்குனியில துளிர்க்குமான்னு நாங்களும் காத்துக்கிட்டிருக்கோம்.

நீங்க என்ன செய்யலாம்?

* உங்க காலேஜ்ல சிமென்ட் பூசின மரங்களை எண்ணுங்க. போட்டோவோட பட்டியல் போட்டு நிர்வாகத்துக்கு மனு கொடுங்க. 'மரம் வளர்ப்போம்'னு பேனர் பிடிக்கிறதைவிட இது சீக்கிரம் பலன் தரும்.

* உடைக்க அனுமதி கிடைச்சா, அடிமரத்துக்கிட்ட பெரிய டிரில்லிங் மெஷின் வேண்டாம். உளியும் சுத்தியலும் போதும். வேர்ல அடி படக் கூடாது.

* திறந்த இடத்துல மண்ணை இறுக்கி மிதிக்காதீங்க. அந்த மரத்தோட சருகையே பரப்பி விடுங்க. அடிமரத்தைச் சுத்தி மண்ணைக் குவிக்கவும் வேண்டாம்.

* புதுசா வளர்க்க ஆசையா? பழுப்பான காயைப் பொறுக்கி ஓட்டை உடைச்சு, புது விதையா எடுத்து நாற்றுப் பையில ஊன்றுங்க. ரெண்டு வாரத்துல முளைக்கும். மழைக்காலத்துல, சுவருக்கும் கரன்ட் கம்பிக்கும் தள்ளி நடுங்க. முதல் ரெண்டு கோடைக்குத் தண்ணி அவசியம். புங்கையோட கெத்து வேர் இறங்கின பிறகுதான் ஸ்டார்ட் ஆகும்!

* புங்கையை மட்டுமே வரிசையா நடாதீங்க. வேம்பு, பூவரசு, நாவல்னு கலந்து நடுங்க.

'ஒண்ணும் ஆகாது'ன்னு சொல்லிச் சொல்லியே நாம சிலரை ரொம்பப் படுத்திடுவோம். கிளாஸ்ல எல்லாருக்கும் அசைன்மென்ட் எழுதித் தர்ற ஒருத்தன் இருப்பான் இல்லையா, அவனை மாதிரி. புங்கையும் அந்த ரகம்தான். 50 டிகிரி வெயிலைத் தாங்கும், உப்பைத் தாங்கும், வெள்ளத்தைத் தாங்கும். எல்லாத்தையும் தாங்கறதுக்கு அது கேட்கிறது கொஞ்சம் மண், கொஞ்சம் காத்து. நாளைக்கு வண்டியை ஸ்டாண்ட் போட்டதும் மேலே நிழலைப் பார்க்காதீங்க, கீழே பாருங்க.

மண் தெரியுதா?